தங்கபுஷ்பத்தின் வலி இறங்கி உட்கார்ந்தது

வாகைக்குறிச்சி பேருந்து நிலையத்தில் மதியம் இரண்டு பத்துக்குத் தென்காசி வண்டி கிளம்பிப் போனால், இரண்டு ஐம்பதுக்குக் கோவில்பட்டி வண்டி உள்ளே நுழையும்வரை நாய்கூட எழுந்து நடக்காது. அப்படிப்பட்ட நாற்பது நிமிஷத்தில்தான், பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, அறிவிப்பாளர் தங்கபுஷ்பத்தின் மூட்டுகளில் ஒன்பது வருஷமாகக் குடியிருந்த வலி அவளை விட்டு இறங்கி, கண்ணாடிக் கூண்டின் கதவைத் தானே திறந்துகொண்டு வெளியே வந்து, எதிரே இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தது.

பார்ப்பதற்கு ஐம்பது வயது ஆள் மாதிரி இருந்தது. வெள்ளை அரைக்கைச் சட்டை, சாம்பல் நிறப் பேன்ட், கக்கத்தில் ஒரு ரெக்சின் பை. பார்த்தவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து இலையில் சாப்பிட்ட முகமாகத் தெரிந்ததே தவிர, பயப்படும்படி ஒன்றும் இல்லை.

தங்கபுஷ்பத்துக்கு அப்போது நாற்பத்தாறு வயது. எந்த வண்டி எந்த இடத்தில் நிற்கிறது, யாருடைய பர்ஸ் எந்தக் கடை வாசலில் கிடந்தது, எந்த ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி, எந்த லாட்ஜில் வெள்ளிக்கிழமைதோறும் மூல வைத்தியர் தங்குகிறார் என்பதையெல்லாம் ஆறு குழாய் ஒலிபெருக்கிகள் வழியாக ஊருக்குச் சொல்வது அவள் வேலை. முடக்குவாதம் அவள் விரல், மணிக்கட்டு, தோள், தாடை என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே வந்தது. குரலுக்கு மூட்டு கிடையாது என்பதால் அது மட்டும் தப்பித்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆள் பூசினாற்போல இருப்பாள், முகத்தில் பவுடர் இருக்கும். அதனால் ஊரில் ஒருவரும் நம்பவில்லை.

நம்பாதவர்களாவது பரவாயில்லை. நம்பியவர்கள் அவள் மூன்றாவது வாக்கியத்துக்குப் போகுமுன் நொச்சி இலையைச் சொன்னார்கள், முடக்கத்தான் தோசையைச் சொன்னார்கள், தங்கள் கொழுந்தியாளுக்கு இதைவிட மோசமாக இருந்து ஒரே மாதத்தில் ஓடிப்போனதைச் சொன்னார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவர் தவசிக்கனி நல்ல மனுஷர், கையோங்கியதோ குடித்ததோ கிடையாது. ஆனால் அவள் "கை" என்று ஆரம்பித்தாலே அவருக்கு வேன் டயரில் காற்றுப் பார்க்க வேண்டியது ஞாபகம் வந்துவிடும். இப்படியாக அவளுடைய கதை ஒன்பது வருஷமாக இரண்டு வாக்கியத்தோடு நின்றுபோய்க் கிடந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு பத்து வண்டியைத் தவறவிட்ட ஒரு கடையநல்லூர்க்காரப் பெண், அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்கக் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தவள், "ஏன்க்கா கைய அப்படி மடியில வச்சிருக்கிய?" என்றாள். தங்கபுஷ்பம் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு வழக்கம்போல நொச்சி இலைக்காகக் காத்திருந்தாள். அந்தப் பெண் இலை எதையும் சொல்லாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பெறவு?" என்றாள்.

தங்கபுஷ்பம் சொன்னாள். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு காலையில் பால் பாக்கெட்டைப் பிரிக்க முடியாமல் கை படுத்துக் கிடந்ததை, ராத்திரி கை கீழே மாட்டி மரத்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டதை, நாத்தனார் வீட்டு விசேஷத்தில் சோற்றைப் பிசைய விரல் மடங்காததால் இன்றைக்கு விரதம் என்று பொய் சொல்லி மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததை, வீட்டுக்கு வந்து கரண்டியால் பழைய சோற்றைத் தின்றதை, ஒன்றன் வால் பிடித்து ஒன்றாக வந்ததையெல்லாம் சொன்னாள். மைக்கின் பொத்தான் கெட்டியானது. இரண்டு பத்து வண்டியை அறிவித்துவிட்டு அதை அழுத்தி அணைக்க அவள் விரலுக்குத் தெம்பு இல்லாததால் அது அணையாமலே இருந்தது. கதை ஆறு குழாய் வழியாகவும் போயிற்று. பழக்கடைக்காரர்கள் கேட்டார்கள், கட்டணக் கழிப்பிடத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். வலியும் கேட்டது. கேட்டுக்கொண்டே முதலில் தாடையிலிருந்து நழுவி, தோளில் இறங்கி, மணிக்கட்டு வழியாகக் கழன்று வெளியே வந்து உட்கார்ந்தது.

டீக்கடை அந்தோணி ஒரு கிளாஸைக் கொண்டுபோய்க் கொடுத்து, "எந்த ஊருக்குப் போகணும் அண்ணாச்சி?" என்றார்.

"எங்கயும் போகல. அந்தம்மா உடம்புலதான் இருக்கேன். உள்ள இருந்தா சரியா கேக்க மாட்டேங்கு. அதான் வெளிய வந்தேன்."

"ஆமா, உள்ள கேக்காதுதான்" என்றார் அந்தோணி. அத்தோடு அவருக்கு அது தீர்ந்துபோனது.

கோவில்பட்டி வண்டி வந்ததும் தங்கபுஷ்பம் கதையை நிறுத்தி வண்டியை அறிவித்தாள். வலி எழுந்து, பேன்ட்டின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டு, கூண்டுக்குள் வந்து பழைய இடத்தில் ஏறிக்கொண்டது.

மறுநாள் அவள் அதே கதையை அதே வரிசையில் சொன்னபோது அது கதவு வரைக்கும் வந்து, "இது நேத்து கேட்டதாச்சே" என்று திரும்பிப் போய்விட்டது. ஆகவே அவள் தினமும் ஒரு புதுச் சங்கதியை ஞாபகத்திலிருந்து தோண்டி எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். சொல்லிக்கொண்டே, கிடைத்த நாற்பது நிமிஷத்தில் நகம் வெட்டினாள், தலையைப் பின்னிக்கொண்டாள், ஒருநாள் ஆரஞ்சுப் பழம் வாங்கி ஒவ்வொரு சுளையாக நார் உரித்து மேஜைமேல் வரிசையாக அடுக்கி வைத்துச் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஊர், வந்த விருந்தாளியை உபசரிக்கத் தொடங்கியது. ஒரே வாரத்தில் வலிக்கு 'வலியண்ணாச்சி' என்று பெயர் விழுந்தது. வருகிறவர்கள் கூண்டுக்குள் திரும்பிப் பார்க்காமல் நேரே பெஞ்சுக்குப் போய், "உடம்பு எப்படியிருக்கு அண்ணாச்சி?" என்று விசாரித்தார்கள். ஒன்பது வருஷமாக டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாமல் முழங்கையை மாட்டிக்கொண்டு நின்றுவந்த தங்கபுஷ்பத்துக்கு எழுந்து இடம் தராத ஆட்கள், வலியண்ணாச்சி வந்தால் பெஞ்சில் துண்டை உதறி இடம் போட்டார்கள். மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாமல் இருந்தால் சரியாகிவிடும் என்று அவளுக்கு எழுதிக்கொடுத்த டாக்டர் ஒரு மதியம் காரை நிறுத்தி இறங்கி, வலியண்ணாச்சியின் கையைக் குலுக்கி, "ரொம்ப நாளா உங்களப் பாக்கணும்னு இருந்தேன்" என்றார், ரத்த அழுத்தம் பார்த்தார், சரியாக இருந்தது.

நாத்தனார் எஸ்தர், தங்கபுஷ்பம் வேலைக்குக் கள்ளம் பண்ணி நடிக்கிறாள் என்று ஒன்பது வருஷமாகச் சொன்னவள், தூக்குவாளியில் முந்திரிக்கொத்து எடுத்துவந்து பெஞ்சின் முன்னால் நின்று, "ஒங்கள இல்லவே இல்லன்னு சொல்லிட்டேன் அண்ணாச்சி. ஒண்ணும் மனசுல வச்சிக்கிடாதீங்க" என்று கண்ணைத் துடைத்தாள். வலியண்ணாச்சி பெருந்தன்மையாகத் தலையசைத்து இரண்டு முந்திரிக்கொத்து எடுத்துக்கொண்டார். எஸ்தர் மிச்சத்தை மூடிக்கொண்டு அண்ணிக்கு ஒன்றுகூடக் கொடுக்காமல் போனாள்.

அவரை வெளியூருக்கு அனுப்பிப் பார்க்கும் முயற்சியும் நடந்தது. வியாபாரிகள் சங்கத்தார் டிக்கெட் எடுத்து, மாலை போட்டு, நாகர்கோவில் வண்டியில் ஜன்னலோரமாக உட்காரவைத்தார்கள். "போயிட்டுத்தான் வாரேன்" என்று அவரும் கையசைத்தார். வண்டி ஜில்லா எல்லையைத் தாண்டும்வரை கதையை நிறுத்தக் கூடாது என்று தங்கபுஷ்பத்திடம் சொல்லியிருந்தார்கள். அவளும் நிறுத்தவில்லை. ஆனால் ரயில்வே கேட்டுக்கு அப்பால் குழாயின் சத்தம் எட்டவில்லை. கதை கேட்காத இடத்தில் அவருக்கு என்ன வேலை, பழைய மூட்டுக்கே திரும்பிவிட்டார். சோதனைக்கு ஏறிய அதிகாரி, டிக்கெட் இருந்து ஆள் இல்லாத இருக்கையைப் பார்த்து, டிக்கெட் இல்லாத ஆளுக்கு எழுதும் விதிதான் இருக்கிறது, இதற்கு விதி இல்லையே என்று கண்டக்டரைத் திட்டினார்.

கூண்டை ஏலத்தில் எடுத்திருந்த மைக்செட் ராஜாமணி முதலில் மைக்கில் சொந்தக் கதை பேசக் கூடாது என்று சத்தம்போட்டார். கூட்டம் சேர்வதைப் பார்த்ததும் அதற்கு 'வலி நேரம்' என்று பெயர் வைத்தார். 'இன்றைய வலி நேரத்தை உங்களுக்கு வழங்குவோர்' என்று ஆரம்பித்து ஒரு ஜவுளிக்கடையையும் ஒரு தைலக் கடையையும் சொல்லிவிட்டுத்தான் தங்கபுஷ்பம் தன் வாழ்க்கைக்கு வரமுடிந்தது. தைலக் கடைக்காரர், கதையால் வலி இறங்குகிறது என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்தாமல் சொல்ல முடியுமா என்று கேட்டுப் பார்த்தார்.

இந்தப் புகழ் சங்கரன்கோவில் ரோட்டில் இருந்த வெற்றிவேந்தன் காதுக்குப் போனது. சுடலையாண்டி என்று பிறந்து, கோழித் தீவன ஏஜென்சி எடுத்து நொடித்துப்போய், அந்த நொடித்துப்போன கதையை மேடையில் சொல்லியே எழுந்து நின்ற தன்னம்பிக்கைப் பேச்சாளர் அவர். கூண்டுக்கு வந்து மூன்று நாள் கதை கேட்டுவிட்டு, நாலாவது நாள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார்.

"அக்கா, ஒங்க கதை நல்ல கதை. ஆனா முடிவு இல்ல. ஜனங்க மண்டபத்துல வந்து உக்காந்து கேக்கணும்னா கடைசில நீங்க ஜெயிக்கணும்."

"நான் ஜெயிக்கலையே தம்பி. தினம் மாத்திரை போடுதேன்."

"ஜெயிச்சதா வச்சிக்கிடுவோம்."

பொய் விரதத்தைக் கோடு போட்டு அடித்தார், அது சோர்வு தரும் என்று. மாத்திரையால் வயிறு கெட்டு அவள் பட்ட பாட்டை அடித்தார், மேடை நாகரிகம் இல்லை என்று. பக்கத்து வீட்டுக்காரி பேசிக்கொண்டே படபடவென்று பூண்டு உரிப்பதைப் பார்த்து, இவள் விரலும் இப்படி ஆகட்டும் என்று ஒருநாள் அவள் நினைத்த இடத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இத வெளிய யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்றார். பிறகு மலைக்கோயிலின் ஆயிரத்து எட்டுப் படியையும் அவள் ஏறியதாக ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தார்.

"நான் அடிவாரத்துல வேனுக்குள்ளதானே தம்பி உக்காந்திருந்தேன்."

"ஒங்க மனசு ஏறிச்சுல்லா? அதத்தான் எழுதியிருக்கேன்."

தங்கபுஷ்பம் சம்மதித்ததற்குக் காரணம் புகழ் அல்ல. ஒரு கடையநல்லூர்க்காரி கேட்டதற்கே நாற்பது நிமிஷம் கிடைத்தது என்றால், மண்டபத்தில் எழுநூறு பேர் கேட்டால் ஒரு முழு நாள் கிடைக்காதா என்று அவள் ஒரு கணக்குப் போட்டாள். முழு நாள் கிடைத்தால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருந்தாள். ஒரு போர்வையைக் கல்லில் அடித்துத் துவைத்து, முறுக்கிப் பிழிய வேண்டும். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம். 'வலியை வென்ற வீராங்கனை' என்று மண்டபத்து வாசலில் அவள் படம். மேடையில் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலி ஒன்று, அதன்மேல் 'உயர்திரு வலியண்ணாச்சி அவர்கள்' என்று அட்டை. தவசிக்கனி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வெற்றிவேந்தன் எழுதிக்கொடுத்ததை அவள் சொன்னாள். குரல் கணீரென்று இருந்தது. முதல் பக்கம் முடியும்போது முழங்கைக்குள்ளிருந்து, "இது யாரு கதை?" என்று ஒரு கேள்வி கேட்டது. இரண்டாம் பக்கத்தில், "நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லையே" என்று தோளுக்குள் கேட்டது. மலைக்கோயில் படியில் அவள் ஏற ஏற, வெளியே வர வேண்டியவர் உள்ளேயே சௌகரியமாகக் கால் நீட்டிப் படுத்தார். ஆயிரத்து எட்டாவது படியில் நின்று, "நான் ஜெயித்துவிட்டேன்" என்று அவள் சொன்ன நிமிஷத்தில் ஐந்து விரலும் மைக்கைச் சுற்றி இறுகி, பூட்டிக்கொண்டன.

எழுநூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். காலி நாற்காலிக்குச் சால்வை போர்த்தினார்கள். முன்வரிசையில் இருந்த தலைமையாசிரியர், வலியண்ணாச்சி இறங்கி வந்து தனக்கு வணக்கம் வைத்ததைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்ததாகச் சொன்னார். அவர் பார்த்தபிறகு பார்க்கவில்லை என்று சொல்ல மற்றவர்களுக்கு மனம் வரவில்லை. நாற்காலியோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. மைக்கை அவள் கையிலிருந்து வாங்க முடியாததால், நன்றியுரை சொல்ல வந்தவர் குனிந்து அவள் மார்புக்கு நேராக வாயை வைத்துப் பதினெட்டுப் பேருக்கு நன்றி சொன்னார். அவள் கண்ணீர் வழிய நின்றாள். அது ஆனந்தக் கண்ணீர் என்று அவர் மைக்கிலேயே விளக்கினார்.

தவசிக்கனி கடைசி வரிசையிலிருந்து நடந்து வந்து, செருப்பைக் கழற்றாமலே மேடையேறி, அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்தார். எந்த விரலில் ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சுண்டுவிரல்" என்றாள் அவள் மெதுவாக. "அடுத்தது பெருவிரல். அது இல்ல, அதத் தொடாதீங்க. அது கடைசியில."

பத்து நிமிஷம் ஆயிற்று. வேனில் ஏற்றி, ஊரைத் தாண்டி, பெட்ரோல் பங்க் நிழலில் வண்டியை நிறுத்தினார்.

"ஏ புஷ்பம். அந்தப் பேச்சாளரு வேண்டாம்னு அடிச்சிட்டு ஒன்கிட்ட குடுத்த நோட்ட நேத்து எடுத்துப் பாத்தேன். ஊக்குன்னு ஒண்ணு எழுதி அடிச்சிருந்தாரு. அது என்னது?"

"விடுங்க."

"சொல்லு. கேக்கேன்."

"ஒங்களப் பத்தினது."

"அதனாலதான் கேக்கேன்."

அவள் சொன்னாள். சித்தப்பா மகள் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது ரவிக்கை ஊக்கை மாட்ட முடியாமல் அவரைக் கூப்பிட்டாள். அவர் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் மாட்டிவிட்டு, "தினமும் இதுவா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அன்றைக்குப் பிறகு ஊக்கு வைத்த ரவிக்கையை அவள் போடவில்லை. வேலைக்குத் தலைவழி மாட்டும் சுடிதார் போதும், மற்றபடி சேலை கட்டாமல் போகக்கூடிய இடத்துக்கு மட்டும் போனாள், அப்படிப்பட்ட இடம் வீட்டைத் தவிர அதிகம் இல்லை என்பதால் கல்யாணம், சடங்கு, திருவிழா எல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. கூட்டம் பிடிக்காது என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தாள், பிறகு அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது. தவசிக்கனி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கடைசிவரை கேட்டார். இடையில் காற்றுப் பார்க்க இறங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது, எல்.கே.ஜி. பிள்ளைகள் உட்காரும் பின்சீட்டில் வலியண்ணாச்சி முழங்காலை நெஞ்சுவரை மடக்கிக்கொண்டு, பையை மடியில் வைத்து, கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் முதல் இரண்டு பத்துக்குத் தவசிக்கனி கூண்டுக்குள் வந்துவிடுவார். வந்ததும் அந்தக் கெட்டிப் பொத்தானைத் தன் கட்டைவிரலால் அழுத்தி மைக்கை அணைப்பார். வெளியே சத்தம் கேட்காததால் வலியண்ணாச்சி கூண்டு வாசலில் அந்தோணி போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஊர் இரண்டு நாள் முணுமுணுத்தது. ராஜாமணி 'வலி நேர'த்துக்குப் பதிலாக 'பக்தி நேரம்' போட்டார். வெற்றிவேந்தன் சளைக்கவில்லை. சர்க்கரை, தைராய்டு, தலைவலி, இளைப்பு என்று நாற்பது பேரைப் பொறுக்கி ஜெயிக்கப் பயிற்சி கொடுத்து, நாற்பது காலி நாற்காலிகளோடு ஊர் ஊராகப் போனார். ஜனங்களுக்கும் அந்த வலிகளைத்தான் பிடித்திருந்தது. அவை டீ கேட்கவில்லை.

தங்கபுஷ்பம் சித்திரையிலிருந்து ஐப்பசிவரை சொன்னாள். சொல்ல வெட்கப்பட்டதைச் சொன்னாள், பூண்டு உரிப்பவளைச் சபித்ததைச் சொன்னாள், சிரிப்பு வந்ததையும் சொன்னாள். ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, இரண்டு பத்து வண்டி போனபிறகு வாயைத் திறந்தவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இன்று காலை வரைக்கும் எல்லாம் சொல்லியாகிவிட்டது. வெளியே மழை தூறியது. நாற்காலி காலியாகக் கிடந்தது. வலி மூட்டுக்குள் அசையாமல் காத்திருந்தது.

"தீந்துபோச்சு" என்றாள்.

தவசிக்கனி உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். "நான் ஒண்ணு சொல்லட்டா?"

அவள் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இது சரியாகாது, கூடவே வச்சிக்கிட்டுத்தான் இருக்கணும்னு ஒன்கிட்ட பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சொன்ன அன்னைக்கு, வண்டி எடுத்துட்டு வாரேன்னு சொல்லிட்டு வெளிய வந்தேன்லா. வண்டி பக்கத்துலதான் நின்னுச்சு. சாவியப் போட முடியல. கை அப்படி ஆடுது. அரைமணி நேரம் நின்னேன். வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு ஒன்கிட்ட பொய் சொன்னேன். அதுக்கப்பறம் நீ கைன்னு சொன்னாலே எனக்குச் சாவி ஞாபகம் வந்துரும். அந்த ஊக்கு மாட்டுன அன்னைக்கும் அப்படித்தான் ஆடுச்சு. ஒன்னயச் சொல்லல நான். என் கையப் பாத்துத்தான் தினமும் இதுவான்னு சொன்னேன்."

அவர் சொல்லச் சொல்ல, தான் ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்டிராத சங்கதி என்பதால், வலியண்ணாச்சி அவசரமாக இறங்கி வெளியே போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு தவசிக்கனியின் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு ஆள் இறங்கினார். ஒல்லியாக, காக்கிச் சட்டையில், வெளிச்சம் பட்டுப் பழக்கமில்லாத கண்ணோடு, எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசற்படியிலேயே நின்றார். ஒன்பது வருஷத்தில் யாருக்கும் இடம் விட்டுக் கொடுத்திராத வலியண்ணாச்சி எழுந்து நாற்காலியை அவருக்குத் தள்ளிக் கொடுத்தார்.

"எத்தன வருசமா இருக்கீரு?"

"நீங்க போகமாட்டீங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கு வந்தேன்" என்றார் ஒல்லி ஆள்.

தவசிக்கனி திரும்பிப் பார்த்துவிட்டு, பேச்சு நின்றுபோய், அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூண்டுக்குள்ளிருந்த தங்கபுஷ்பமும், வாசலில் இருந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "பெறவு?" என்றார்கள்.